கல்லூரியில் முதலாண்டு: ஊர் அறியவேண்டியவை

(ஊராட்சி உறுப்பினர்களும் உழவர்களும் கூடிய வட்டாரக் கூட்டமொன்றில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஒருவர் ஆற்றிய உரை)



இம்மன்றத்தில் நாம் கூடும்பொழுதெல்லாம் குடிநீர், சாலை, தெருவிளக்கு, வீடு கட்டும் திட்டம் ஆகியவற்றைப் பற்றியே பேசிக் கலைவது வழக்கம். இன்று அவற்றை ஒருபுறம் வைத்துவிட்டு, வேறொரு பொருளைப் பேச விரும்புகிறோம். நம் ஊர்களிலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு முடித்து, கல்லூரியில் முதலாண்டு சேரும் பிள்ளைகளைப் பற்றியது அது. கல்லூரிப் படிப்புக்கும் ஊராட்சிக்கும் என்ன தொடர்பு என்று சிலர் நினைக்கக்கூடும். தொடர்பு உண்டு. நம் பிழையொன்றைச் சொல்லித்தான் அதனை விளக்கவேண்டியிருக்கிறது. அதற்குப் பிறகு வருவோம்.

உயர்கல்வியில் சேர்வோர் தொகையில் நம் மாநிலம் பின்தங்கியதன்று. 18 வயது முதல் 23 வயது வரையுள்ள மக்கள்தொகையோடு ஒப்பிட்டால், 2021-22ஆம் ஆண்டின் அனைத்திந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் நூற்றுக்கு 47 பேர் உயர்கல்வியில் சேர்ந்திருந்தனர். இந்தியா முழுமைக்கும் அக்கணக்கு 28.4 ஆகும். அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பு முதல் பயின்ற மாணவியர்க்கு மாதம் 1,000 ரூபாய் வழங்கும் புதுமைப் பெண் திட்டம் 2022ஆம் ஆண்டு செப்டம்பர் 5ஆம் நாள் தொடங்கப்பெற்றது. மாணவர்க்கான தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024ஆம் ஆண்டு ஆகஸ்டு 9ஆம் நாள் தொடங்கியது. ‘கல்லூரிக் கனவு’ முகாம்களுக்குப் பிள்ளைகளை வண்டி வைத்து அழைத்துச் சென்றவர்கள் இங்கேயே பலர் இருக்கிறீர்கள். எந்த ஊரிலிருந்து எத்தனை பேர் கல்லூரியில் சேர்ந்தனர் என்று கேட்டால் நாமும் பட்டியலை எடுத்து நீட்டுவோம்.

ஆனால் சேர்ந்தவர்களில் எத்தனை பேர் தீபாவளிக்குப் பிறகும் கல்லூரிக்குப் போகின்றனர்? அந்தப் பட்டியல் நம்மிடம் இல்லை. உங்களிடமும் இல்லை. நடவு நட்ட ஏக்கரை மட்டும் எழுதிவைத்துக்கொண்டு, களத்துக்கு வந்த நெல்லை அளக்காத கணக்குப் போன்றது இது.

நெல் உழவர்களாகிய உங்களுக்கு நாற்றைப் பற்றிச் சொல்லவேண்டுவதில்லை. நாற்றங்காலில் பசேலென்று இருந்த பயிரைப் பறித்து வயலில் நட்டவுடன் அது மஞ்சளித்துத் தலை சாய்கிறது. அதைக் கண்டு எவரும் பிடுங்கி மீண்டும் நாற்றங்காலில் கொண்டுபோய் ஊன்றுவதில்லை. தண்ணீரை அளவாகக் கட்டி, ஒரு வாரம் பத்து நாள் பொறுத்திருந்து, வேர் பிடித்துப் பச்சை கட்டிய பிறகே மேலுரம் பற்றி நினைக்கிறோம். போன இடத்துக்குப் பாடுவாசி நிரப்புகிறோம். பயிருக்குக் காட்டும் இந்தப் பொறுமையை நாம் பிள்ளைக்குக் காட்டுவதில்லை. கல்லூரி சென்ற இரண்டாம் மாதத்தில் பிள்ளை முகம் வாடி வந்து, ‘எனக்கு இந்தப் படிப்பு வேண்டாம்’ என்றால், ‘படிப்பு ஏறவில்லை; திருப்பூருக்குப் போகட்டும்’ என்று முடிவு கட்டிவிடுகிறோம்.

பள்ளியிலே நன்றாகப் படித்த பிள்ளைதானே, கல்லூரியில் என்ன வந்தது என்று பெற்றோர் திகைக்கின்றனர். என்ன வந்தது என்பதைச் சற்று விரிவாகவே பார்ப்போம்.

முதலில் வருவது மொழி. தமிழ் வழியில் பயின்று, இயற்பியலில் நூற்றுக்குத் தொண்ணூறு வாங்கிய மாணவன் ஆங்கில வழி வகுப்பில் போய் உட்காருகிறான். ‘முடுக்கம்’ என்றால் அவனுக்குத் தெரியும், கணக்கும் போடுவான். ‘ஆக்சிலரேஷன்’ என்னும் ஒலியே அவனுக்குப் புதிது. ‘சவ்வூடு பரவல்’ அறிவான், ‘ஆஸ்மாசிஸ்’ அறியான். அவனுடைய அறிவு ஒரே கோடை விடுமுறையில் குறைந்துவிடவில்லை. பொருள்களின் பெயர்தான் மாறிவிட்டது. இதில் உங்களுக்கே அனுபவம் உண்டு. தழைச்சத்து என்று நாம் சொல்வதை உரக்கடையில் நைட்ரஜன் என்றார்கள். மணிச்சத்தைப் பாஸ்பரஸ் என்றும், சாம்பல்சத்தைப் பொட்டாஷ் என்றும் மூட்டையில் அச்சிட்டார்கள். முதலாண்டு தடுமாறினோம். இன்று எழுத்தறியாத பெரியவர்கூடக் கடையில் பெயர் சொல்லிக் கேட்டு வாங்குகிறார். பிள்ளையும் அவ்வாறே பழகிக்கொள்வான். ஒரு நோட்டுப் புத்தகத்தில் இடப்பக்கம் தமிழ்ச் சொல்லும் வலப்பக்கம் ஆங்கிலச் சொல்லுமாக நாள்தோறும் பத்துச் சொல் எழுதி வந்தால், முதற்பருவம் முடியுமுன் பெரும்பகுதி வசப்பட்டுவிடும். பள்ளிப் பாடநூலைப் பழைய பேப்பர்காரரிடம் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். அந்த நூல்தான் இப்போது அவனுக்கு அகராதி. அரசுக் கலைக் கல்லூரிகள் பலவற்றில் சில பாடங்களுக்குத் தமிழ் வழிப் பிரிவும் உண்டு. பொறியியலில்கூட, கட்டடவியல், இயந்திரவியல் ஆகிய இரண்டையும் தமிழ் வழியில் பயிலும் வாய்ப்பினை அண்ணா பல்கலைக்கழகம் 2010இல் ஏற்படுத்தியது. சேர்க்கும்பொழுதே இதனைக் கேட்டறிதல் நலம்.

இரண்டாவது, கேட்பாரின்மை. பள்ளியில் வீட்டுப்பாடம் எழுதாவிட்டால் ஆசிரியர் கேட்பார்; இரண்டு நாள் வராவிட்டால் வீட்டுக்கு ஆள் வரும். கல்லூரியில் பேராசிரியர் பாடம் நடத்திவிட்டுச் செல்வார்; எழுதிக்கொள் என்று சொல்லமாட்டார். ஆண்டு இறுதிவரை தேர்வு வராது என்றெண்ணிப் பிள்ளை வாளாவிருப்பான். உண்மையில் ஆறு மாதத்துக்கு ஒரு பருவம் முடிந்துவிடுகிறது. அதனைச் ‘செமஸ்டர்’ என்பர். பல பல்கலைக்கழகங்களில் நூற்றுக்கு 25 மதிப்பெண் கல்லூரிக்குள்ளேயே உள்தேர்வுக்கும் ஒப்படைப்புக்கும் போய்விடுகிறது. மீதி 75தான் பருவத் தேர்வுக்கு. உள்தேர்வு என்பது ஏதோ பயிற்சி என்று நினைத்துப் போகாமல் இருந்துவிட்டு, பிறகு ‘அரியர்’ வந்ததென்று அழுவாரை நாம் பார்த்திருக்கிறோம். ஒரு பாடம் தவறிவிட்டால் அடுத்த பருவத்தில் மீண்டும் எழுதிக்கொள்ளலாம். அது வாழ்நாள் கறையன்று. இதைப் பெற்றோர் அறிந்திருந்தால், ‘பெயிலாகிவிட்டான்’ என்று தெருவில் சொல்லிப் பிள்ளையைக் குன்றச் செய்யமாட்டார்கள்.

முதல் வாரத்தில் வகுப்பே நடக்காது என்று சொல்லிப் பிள்ளைகளை வீட்டில் நிறுத்திக்கொள்ளும் வழக்கமும் உண்டு. இது தவறு. புதிய மாணவர்க்குக் கல்லூரியை அறிமுகம் செய்துவைக்கும் பயிற்சியை முதல் வாரங்களிலேயே நடத்தவேண்டுமென்று பல்கலைக்கழக மானியக் குழு 2019ஆம் ஆண்டில் வழிகாட்டுதல் வகுத்தது. நூலகம் எங்கே, உதவித்தொகைக்கு யாரைப் பார்ப்பது, வகுப்புப் பொறுப்பாசிரியர் எவர் என்பனவெல்லாம் அப்போதுதான் தெரியவரும். நட்பு கூடுவதும் அந்த வாரத்தில்தான். பத்து நாள் கழித்துப் போகும் பிள்ளைக்குப் பெஞ்சில் இடம் கிடைக்கும். பேச ஆள் கிடைப்பது அரிது.

மூன்றாவதுதான் எல்லாவற்றிலும் கடியது. அதன் பெயர் தனிமை. இதனை நாம் நூலில் படித்து அறிந்ததன்று.

நாம் கல்லூரியில் சேர்ந்தது 1998ஆம் ஆண்டில். எம் குடும்பத்தில் அதற்குமுன் பட்டம் பெற்றார் எவருமிலர். தாவரவியல் பாடம். தகரப் பெட்டியும் போர்வையுமாய் விடுதியில் இறங்கினோம். மூன்றாவது வாரம் இருக்கும். ஆசிரியர் வகுப்பில் எம்மை எழுப்பி, நெல்லுக்கு எவ்வகை வேர் என்று ஆங்கிலத்தில் வினவினார். ‘ரூட்’ என்னும் சொல் வேரைக் குறிக்கும் என்பதுகூட அந்த நேரத்தில் எமக்கு விளங்கவில்லை. பேசாமல் நின்றோம். பின்னால் இருந்தவர்கள் சிரித்தார்கள். ஏழு வயதிலிருந்து நாற்றங்காலில் இறங்கிப் பிடி பிடியாக நாற்றுப் பறித்து, வேரில் ஒட்டிய சேற்றைக் காலில் தட்டி அலசி, முடி கட்டியவர் நாம். அந்த வகுப்பில் இருந்த அறுபது பேரில் நெல்லின் சல்லிவேரைக் கையால் தொட்டறிந்தவர் எம்மைப்போல் எத்தனை பேரோ! ஆனால் விடை சொல்லாமல் நின்றவர் நாம்தான்.

அன்று வெள்ளிக்கிழமை. மாலையில் பெட்டியோடு பேருந்து ஏறி ஊர் வந்துவிட்டோம். எம் தந்தையார் ஏனென்று கேட்கவில்லை, அன்னையார் சோறிட்டார். சனி, ஞாயிறு கழிந்து திங்களும் வந்தது. புறப்படவில்லை. அந்த வாரம் முழுவதும் வயலுக்குப் போனோம். ‘பையன் வந்துவிட்டானே’ என்று தெருவில் ஒருவர் கேட்க, தந்தையார் ‘லீவு’ என்று சொல்லிச் சமாளித்தார். எம்மைக் காப்பதற்காகவே அவர் சொன்ன பொய் அது என்று பிற்பாடு விளங்கிற்று.

வியாழக்கிழமை ஓர் அஞ்சலட்டை வந்தது. விடுதியில் எம் அறையில் இருந்த மாணவர் எழுதியது. நலம் விசாரிப்புக்கூட இல்லை. ‘உன் ரெக்கார்டு நோட்டு என்னிடம் இருக்கிறது. படம் இரண்டு வரைந்து வைத்திருக்கிறேன். வருகிற செவ்வாய்க்கிழமை கையெழுத்து வாங்கவேண்டும். திங்கள் காலை வா’ என்பதுதான் செய்தி. ஊரும் பேரும் அறியாத ஒருவர், எம் கட்டில் காலியாக இருப்பதைக் கவனித்திருக்கிறார்! அவருக்கு மூன்று வாரப் பழக்கந்தான். தந்தையார் அட்டையைப் படிக்கச் சொல்லிக் கேட்டார். இரண்டாம் முறையும் படிக்கச் சொன்னார். பிறகு எழுந்துபோய், யாரிடமோ கைமாற்று வாங்கிப் பேருந்துக் கட்டணத்தைக் கொண்டுவந்து கொடுத்தார். திங்களன்று விடியற்காலை முதல் பேருந்தில் திரும்பினோம்.

அந்த அட்டை வந்திராவிட்டால் இன்று உங்கள்முன் நின்று பேசுபவர் வேறொருவராக இருப்பார். எம்மோடு பள்ளியில் முதலிடம் பெற்ற மற்றொருவர், வேறொரு கல்லூரியில் சேர்ந்து அதே ஆண்டு ஐப்பசியில் ஊர் திரும்பினார். அவருக்கு எவரும் எழுதவில்லை. எம்மைவிட அவர் அறிவாளி என்பதில் எமக்கு இன்றளவும் ஐயமில்லை.

இனி, உழவர்களாகிய உங்களோடு ஒரு கணக்குப் பேசவேண்டும். பருவத் தேர்வு எழுதவேண்டுமானால் நூற்றுக்கு 75 நாள் வருகை வேண்டும் என்பது பொதுவிதி. ஒரு பருவத்தில் ஏறத்தாழ 90 வேலை நாட்கள் என்று கொள்வோம். அப்படியானால் 68 நாள் போயாக வேண்டும். 22 நாள் போகாமல் இருக்கலாம். இருபத்திரண்டு நாளா, தாராளமாயிற்றே என்று தோன்றும். மேட்டூர் அணை ஜூன் 12ஆம் நாள் திறந்து குறுவை வேலை தொடங்குவதும், கல்லூரி திறப்பதும் முன்னும் பின்னுமாக வருகின்றன. ஆவணி, புரட்டாசியில் சம்பா நடவு. அதை ஒட்டியே குறுவை அறுப்பு. கார்த்திகை வாக்கில் பருவத் தேர்வு. ஆக, கல்லூரியின் முதற்பருவமும் நம் வேளாண் பருவமும் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்கின்றன. அறுப்புக்கு ஆளில்லை என்று 5 நாள் நிறுத்துகிறோம். கோயில் திருவிழாவுக்கு 4 நாள். அத்தை மகள் திருமணத்துக்கு 3 நாள். மழைக்காலக் காய்ச்சல் 6 நாள். தீபாவளிக்கு முன்னும் பின்னுமாக 4 நாள். கூட்டிப் பாருங்கள்; 22 ஆகிவிட்டது. இதற்குமேல் ஒரே ஒரு நாள் பேருந்து தவறினாலும் பிள்ளை 75க்குக் கீழே இறங்கிவிடுகிறான். சற்றே குறைந்தால் அபராதம் கட்டி எழுத இடமுண்டு. மிகவும் குறைந்தால் அதுவும் இல்லை. தேர்வு எழுத முடியாதென்று அறிவிப்புப் பலகையில் பெயர் ஒட்டப்பட்ட நாளில், பிள்ளை வீட்டுக்கு வந்து என்ன சொல்வான்? ‘படிப்புப் பிடிக்கவில்லை’ என்றுதான் சொல்வான். அறுப்புக்கு நிறுத்திய ஐந்து நாளை நாம் மறந்திருப்போம்.

பிள்ளை வயலில் இறங்கவே கூடாதென்று நாம் சொல்ல வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை இருக்கிறது, அரையாண்டு விடுமுறை இருக்கிறது. கூலியாளுக்கு ஆகும் செலவைக் கணக்குப் பார்ப்பவர்கள், பிள்ளையின் ஒரு நாள் வருகைக்கும் ஒரு விலை உண்டென்று கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டுகிறோம்.

தொடக்கத்தில் நம் பிழையொன்று உண்டென்றோம். அதைச் சொல்லும் இடம் வந்துவிட்டது.

நம் வட்டாரத்துச் சிற்றூர் ஒன்றில், பள்ளியில் நல்ல மதிப்பெண் பெற்ற பெண்ணொருத்தி அரசுக் கலைக் கல்லூரியில் சேர்ந்தாள். அக்கல்லூரி இரு சுழற்சியாக நடந்தது. அவளுக்குக் கிடைத்தது பிற்பகல் சுழற்சி. வகுப்பு முடிந்து பேருந்து பிடித்தால் நெடுஞ்சாலை நிறுத்தத்தில் இறங்க மாலை 7 மணிக்குமேல் ஆகிவிடும். அங்கிருந்து ஊருக்கு அரை கிலோமீட்டர். இருபுறமும் வயல். அந்தப் பாதையில் விளக்குக் கம்பங்கள் ஆறு. இரண்டு மாதம் தந்தையார் நாள்தோறும் சைக்கிளில் போய் நின்று அழைத்துவந்தார். பிறகு வேலைக்காக வெளியூர் போகவேண்டி வந்தது. மழைக்காலமும் தொடங்கியது. பெண் நின்றுவிட்டாள்.

அடுத்த ஆண்டு வீட்டுத் திட்டப் பணியைப் பார்வையிட அத்தெருவுக்குச் சென்றபோது, பேச்சுவாக்கில் தாயார் சொன்னார்: ‘விளக்கு மூணு எரியலீங்க ஐயா. இருட்டுல எப்படிங்க அனுப்புறது? அதான் நிறுத்திட்டோம்.’ அவர் குறை கூறவில்லை. மழை பெய்தது என்பதுபோல இயல்பாகச் சொன்னார். அலுவலகம் திரும்பிப் பழைய பதிவேட்டை எடுத்துப் பார்த்தோம். அந்த மாதங்களில் அவ்வூரின் தெருவிளக்குகள் யாவும் ‘எரிகின்றன’ என்று எழுதியிருந்தது. கீழே நம் கையெழுத்து இருந்தது.

விளக்குகளை மாற்றினோம். அது ஒரு நாள் வேலை. அதற்குள் அந்தப் பெண்ணுக்குத் திருமணம் நிச்சயமாகிவிட்டது. மூன்று விளக்கின் விலை என்ன என்பதை இங்கு அமர்ந்திருக்கும் உறுப்பினர் ஒவ்வொருவரும் அறிவீர்கள். 2021ஆம் ஆண்டு மே மாதம் முதல் சாதாரண நகரப் பேருந்தில் மகளிர்க்குக் கட்டணமில்லை என்றாயிற்று. மாதம் 1,000 ரூபாய் வந்தது. முதல் தலைமுறைப் பட்டதாரிக்குச் சலுகைகள் வந்தன. இவையெல்லாம் வந்து சேர்ந்த இடம் நெடுஞ்சாலை நிறுத்தம். அங்கிருந்து வீடு வரை உள்ள அரை கிலோமீட்டர் நம் பொறுப்பாயிருந்தது.

பெண் பிள்ளைகள் திறத்தில் இன்னும் ஒன்று. முதலாண்டில்தான் வரன்கள் வரத் தொடங்குகின்றன. பதினெட்டு நிரம்பிவிட்டது, சட்டப்படி தடையில்லை என்று பெரியோர் வாதிடுவர். சட்டம் தடுக்காதது உண்மை. ஆனால் திருமணப் பேச்சு எழுந்தவுடன் பெண்ணுக்குப் புத்தகத்தில் கண் பதிவதில்லை. முடிவு செய்யாவிட்டாலும் பேச்சே போதும், படிப்பைக் கெடுக்க. மூன்று ஆண்டு, ஆறு பருவம்; அதுவரை அப்பேச்சை வீட்டுக்குள் எடுக்காதீர்கள்.

கைப்பேசி பற்றிப் பலரும் நம்மைக் கேட்கின்றனர். பிள்ளை எந்நேரமும் அதையே பார்க்கிறான், பிடுங்கி வைத்துவிடலாமா என்று. நம் கருத்து வேண்டாம் என்பதே. இக்காலத்தில் வகுப்பு அட்டவணையும், தேர்வு அறிவிப்பும், பாடக் குறிப்பும் வாட்சாப் குழுவில்தான் வருகின்றன. கைப்பேசியைப் பிடுங்கினால் கல்லூரியையே பிடுங்கியதாகிவிடும். அஞ்சவேண்டியது வேறு: பணம் வைத்து ஆடும் இணையச் சூதாட்டமும், கேட்டவுடன் கடன் தரும் செயலிகளும். இணையச் சூதாட்டத்தைத் தடுக்கத் தமிழ்நாடு 2022இல் சட்டமியற்றியது. ஆயினும் புதுப்புதுப் பெயரில் அவை வந்துகொண்டே இருக்கின்றன. உதவித்தொகை பிள்ளையின் வங்கிக் கணக்கிலேயே நேராக வரவு வைக்கப்படுவதால், முதன்முதலாகத் தன் கையில் பணம் வைத்திருக்கும் பழக்கமும் அவனுக்குப் புதியதே. மாதம் ஒருமுறை வரவு செலவை உட்கார்ந்து பேசுங்கள். அதட்டிக் கேட்டால் உண்மை வராது.

பகடிவதை பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். தமிழ்நாட்டில் 1997ஆம் ஆண்டிலேயே அதற்குத் தடைச்சட்டம் வந்தது. குற்றம் மெய்ப்பிக்கப்பட்டால் 2 ஆண்டு வரை சிறையும் 10,000 ரூபாய் வரை அபராதமும் அச்சட்டத்தில் வகுக்கப்பட்டன. பல்கலைக்கழக மானியக் குழு 2009இல் விதிமுறைகள் இயற்றியது. 1800-180-5522 என்னும் கட்டணமில்லாத் தொலைபேசியில் எந்நேரமும் முறையிடலாம். வேடிக்கைதானே, பொறுத்துக்கொள் என்று பெற்றோரே சொல்லி அனுப்புவது கூடாது.

இதைச் சொல்லும்போது நம் ஊர்களைப் பற்றியும் சொல்லாமலிருக்க முடியவில்லை. கல்லூரிப் பேருந்தில் நடக்கும் அடிதடிகளில் பல, ஊரிலிருந்து ஏறிச் செல்பவை. இரண்டு தெருவுக்கு இடையே திருவிழாவில் எழுந்த மனத்தாங்கல், மறுநாள் காலை பேருந்தின் பின்படிக்கட்டில் வந்து நிற்கிறது. வழக்கில் பெயர் சேர்ந்துவிட்டால் அந்தப் பிள்ளை பின்னர் அரசுப் பணிக்கு விண்ணப்பிக்கும்போது காவல்துறைச் சரிபார்ப்பில் சிக்குகிறான். பெரியவர்கள் அடுத்த மாதம் சமாதானமாகிப் பந்தியில் ஒன்றாக உட்கார்ந்துவிடுகிறார்கள்; நீதிமன்றத்துக்கு அலைபவன் பத்தொன்பது வயதுப் பையன். வேறு தெருப் பிள்ளையோடு ஒரே பெஞ்சில் அமர்ந்து, ஒரே சோற்றுப் பொட்டலத்தைப் பகிர்ந்துண்ணும் வாய்ப்பு நம் பிள்ளைகள் பலர்க்கும் கல்லூரியில்தான் முதன்முதலாகக் கிட்டுகிறது. அதை வீட்டில் வந்து சொன்னால் முகஞ்சுளிக்காமல் கேளுங்கள்.

வாடிய முகம் சில வாரங்களில் தெளிந்துவிடுவதே பெரும்பான்மை. தெளியாமல் உறக்கமின்றி, உணவு கொள்ளாமல், எவரோடும் பேசாமல் இருக்கும் பிள்ளையும் உண்டு. அது சோம்பலுமன்று, பேய்க்கோளாறுமன்று. 2022 அக்டோபரில் ‘டெலி மானஸ்’ என்னும் மனநலத் தொலைபேசிச் சேவை தொடங்கப்பெற்றது. 14416 என்னும் எண்ணில் தமிழிலேயே பேசலாம். இந்த எண்ணை ஊராட்சி அலுவலகச் சுவரில், வரி செலுத்தும் அறிவிப்புக்குப் பக்கத்திலேயே எழுதி வையுங்கள். பாடப்பிரிவே பொருந்தாமல் வாடுவோரும் உளர். விரும்பிய பிரிவில் இடம் காலியிருக்கிறதா என்று முதல் சில வாரங்களுக்குள் கல்லூரி முதல்வரை அணுகிக் கேட்டுப் பார்க்கலாம். நாள் கடந்தால் அதற்கும் வழியடைந்துவிடும்.

இனி, ஊராட்சி செய்யக்கூடியவற்றுக்கு வருவோம். இவற்றுக்குத் தனி நிதி எதுவும் வேண்டியதில்லை. ஆகவே நிதி வரட்டும் என்று காத்திருக்கவும் வேண்டா.

முதலாவது, ஒரு நோட்டுப் புத்தகம். நம் ஊரிலிருந்து இவ்வாண்டு கல்லூரியில் முதலாண்டு சேர்ந்தவர் யார், எந்தக் கல்லூரி, எந்தப் பாடம், எந்தப் பேருந்து என்று எழுதுங்கள். அதே கல்லூரியில் இரண்டாம், மூன்றாம் ஆண்டு பயிலும் நம் ஊர்ப் பிள்ளை ஒருவரை ஒவ்வொருவர்க்கும் துணையாகச் சேர்த்து எழுதுங்கள். அப்படி எவருமில்லையேல் பக்கத்து ஊரில் கேளுங்கள். மாதம் ஒருமுறை அந்தத் துணைவரிடம் ஒரே கேள்வி கேட்டால் போதும்: ‘அவன் வருகிறானா?’ மதிப்பெண் கேட்கவேண்டா. எமக்கு வந்த அஞ்சலட்டையும் மதிப்பெண் பற்றியதன்று.

அடுத்தது நூலகம். அனைத்துக் கிராம அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தின்கீழ் 2006-07 முதல் ஊர்தோறும் நூலகக் கட்டடங்கள் எழுந்தன. பல ஊர்களில் அவை பகலில் பூட்டிக் கிடப்பதையும், சிலவற்றில் சாக்கு மூட்டைகள் குடியிருப்பதையும் நாம் கண்டிருக்கிறோம். மாலை 6 மணி முதல் 9 மணி வரை அதைத் திறந்து, இரண்டு விளக்கும் ஒரு மின்விசிறியும் ஓடச் செய்தால், ஒற்றை அறை வீட்டில் தொலைக்காட்சிச் சத்தத்துக்கிடையே படிக்கும் பிள்ளைக்கு அதுவே போதும். சாவி ஒரு மூன்றாமாண்டு மாணவரிடம் இருக்கட்டும். பொருள் களவு போகுமே என்று அஞ்சுவோர், அங்கே களவு போகும்படியான பொருள் என்ன இருக்கிறது என்பதையும் எண்ணிப் பார்க்கவேண்டும்!

மூன்றாவது, பேருந்து நிறுத்தம். கடைசிப் பேருந்து எத்தனை மணிக்கு வருகிறதோ அந்த நேரத்தில், உறுப்பினர் ஒருவர் வாரம் ஒருநாள் அங்கே போய் நின்று, ஊர் வரை நடந்து வரவேண்டும். காலையில் போய்க் கம்பத்தை எண்ணுவதில் பயனில்லை என்பதை நாம் அறிந்துகொண்டோம். எரியாத விளக்கின் கம்ப எண்ணை அன்றிரவே நம் அலுவலகத்துக்குத் தெரிவியுங்கள். பதிவேட்டில் இனி நாம் கையெழுத்திடுவது அப்படி நடந்து வந்தவர் எழுதிய பக்கத்தின்கீழ் மட்டுமே.

நோட்டுப் புத்தகங்களை ஊருக்கு ஒன்றாக வாங்கி இங்கே மேசைமேல் அடுக்கி வைத்திருக்கிறோம். தேநீர் அருந்தியபின் அவரவர் ஊர்ப் புத்தகத்தை எடுத்து, நினைவிலுள்ள பெயர்களை முதல் பக்கத்தில் இப்போதே எழுதுங்கள். சென்ற ஆண்டு சேர்ந்து இடையில் நின்றவர்களின் பெயரும் நினைவுக்கு வரும். அவற்றைக் கடைசிப் பக்கத்தில் எழுதுங்கள். அவர்களில் மீண்டும் போக விரும்புவோர் யாரென்று கேட்டறிந்து, அவரவர் கல்லூரிக்கு நாமே உடன் வருகிறோம்.